எத்தனை மூட்டை? யார் வீட்டு மூட்டை?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர், வேளாண் பொருளாதாரத் துறையில் 32 வருடம் ஊர் ஊராகக் கணக்கெடுத்து ஓய்வுபெற்ற பேராசிரியை.

2009-ல் எங்கள் இரண்டு ஏக்கர் மல்பெரி முழுக்க மாவுப்பூச்சி அப்பி, புழு வளர்ப்பையே நிறுத்தி வைத்தோம். அப்புறம் அது குறைந்துவிட்டது. ‘வெளிநாட்டுக் குளவியை விட்டதால்தான் போனது, நாட்டுக்குப் பல கோடி லாபம்’ என்கிறார்கள். என் வீட்டுக்காரரோ, ‘நல்ல மழை பெய்தது, பூச்சி கழுவிக்கொண்டு போனது. குளவியாவது, கோடியாவது’ என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, உடுமலை

உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளவி வராமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார் அல்லவா, என் பிழைப்பே அந்தக் கேள்வியில்தான் ஓடியது.

அது பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துப் பூச்சி. 2008-ல் கோயம்புத்தூர் பக்கம் கண்ணில் பட்டது. வந்தது தனியாக வந்தது, தன்னைத் தின்னும் எதிரியை ஊரிலேயே விட்டுவிட்டு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, வரப்பில் நிற்கும் பார்த்தீனியம் என்று எதையும் விடவில்லை. அந்த நாட்களில் உங்கள் பக்கம் வந்தபோது பார்த்தீனியச் செடிகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றதைப் பார்த்திருக்கிறேன். உடம்பின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து லேசில் ஒட்டாது. பப்பாளிக்காரராவது அடித்துப் பார்க்கலாம். மல்பெரிக்காரர் அடித்தால் இலையைத் தின்னும் பட்டுப்புழு செத்துப்போகும். அதனால்தான் நீங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றீர்கள்.

2010-ல் பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் ஆய்வு அமைப்பு, புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. அதில் அசெரோபேகஸ் பப்பாயே என்ற வகை நன்றாகப் பிடித்துக்கொண்டது. கொட்டுகிற குளவியை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது எள்ளைவிடச் சின்னது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிந்த புழு பூச்சியைத் தின்று வளர்ந்து, குளவியாகி ஓட்டை போட்டு வெளியே வரும். மிஞ்சுவது பழுப்பாக உப்பிய வெறும் கூடு. இந்தக் குளவியைப் பெருக்க, முளைவிட்ட உருளைக்கிழங்கில் மாவுப்பூச்சியை வளர்த்து அதன்மேல் குளவியை விடுவார்கள். ஓர் ஆய்வுக்கூடத்தில் தட்டுத் தட்டாக முளைவிட்ட கிழங்கைப் பார்த்துவிட்டு, ‘கேன்டீனுக்கு வாங்கினது கெட்டுப்போச்சா?’ என்று நான் கேட்க, பூச்சியியல்காரர்கள் அதை வருடக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

சரி, மழையா, குளவியா? நல்ல மழை மாவுப்பூச்சியைத் தட்டிவிடும் என்பது உண்மைதான். அதனால் ‘விட்டோம், குறைந்தது’ என்பதை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது. இதற்கு ஒரு வழி உண்டு. பூச்சி பிடித்த கிளைகளில் பாதிக்குக் குளவி நுழைய முடியாத மெல்லிய துணிப் பையை முழுக்கக் கட்டுவார்கள். மீதிப் பாதிக்கும் அதே துணிப் பைதான், ஆனால் அதன் வாய் திறந்திருக்கும். ஏன் இரண்டுக்கும் பை? பை கட்டினாலே மழையும் காற்றும் கொஞ்சம் தடைபடும். அந்தத் தடை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? மூடிய பைக்குள் பூச்சி கும்மலாகவும், திறந்த பைக்குள் பழுப்புக் கூடாகவும் இருந்தால் வேலை செய்தது குளவி. உங்கள் தோட்டத்தில் அந்தப் பழுப்புக் கூடுகள் இருந்தனவா என்று அவரிடம் கேளுங்கள். மழை கழுவிய இலையில் கூடு மிஞ்சாது.

கோடிக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தாரும் நம் ஊர் விஞ்ஞானிகளும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட மதிப்பீடு ஒன்று இருக்கிறது. ஐந்து வருடத்தில் 52 கோடி டாலரிலிருந்து 134 கோடி டாலர் வரை நன்மை என்கிறது. இரண்டு எண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள்! அந்த இடைவெளிதான் எனக்கு அதில் பிடித்த விஷயம். ஒற்றை எண்ணைச் சொல்லிக் கை தட்டல் வாங்கியிருக்கலாம், செய்யவில்லை.

ஏன் ஐந்து வருடம்? ஐம்பது வருடம் போட்டுப் பெருக்கக் கூடாதா? என் பதில் இது. மாவுப்பூச்சி எந்த வழியாக வந்ததோ அதே வழியாகக் குளவியும் ஒருநாள் தானே வந்து சேர்ந்திருக்கலாம். ஆராய்ச்சி நமக்கு வாங்கிக் கொடுத்தது அந்த நடுவிலான வருடங்களை. அதற்கு மேல் உரிமை கொண்டாடினால் அது விளம்பரம்.

இன்னொன்றையும் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அந்தக் கோடிகள் எல்லாம் விவசாயி பைக்கு வரவில்லை. பப்பாளி மறுபடி சந்தைக்கு நிறைய வந்ததும் விலை இறங்கும், அந்தப் பங்கு வாங்கித் தின்பவருக்குப் போகும். பூச்சி வராத ஊரில் தட்டுப்பாட்டு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தவருக்கு இது நஷ்டம்கூட. கூட்டிக் கழித்து நிற்பதைத்தான் ‘நன்மை’ என்று எழுதுகிறோம்.

வேளாண் ஆராய்ச்சிக்கு ஒரு ரூபாய் போட்டால் எத்தனை ரூபாய் திரும்ப வரும்? தேர்வுக்காகக் கேட்கிறேன், ஒரே வரியில் சொல்லவும்.
— மாணவர், திருச்சி

ஒரே வரியில் சொன்னால் தேறிவிடுவீர்கள், ஆனால் தப்பாகத் தேறுவீர்கள். 1958-ல் ஸ்வி கிரிலிகஸ் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்காவில் வீரிய ஒட்டுச் சோள ஆராய்ச்சிக்குப் போட்ட ஒவ்வொரு டாலருக்கும் வருடாவருடம் 7 டாலர் வருகிறது என்று கணக்குப் போட்டார். (அமெரிக்காவில் ‘சோளம்’ என்றால் நம் மக்காச்சோளம்.) இன்றுவரை நிதி கேட்டுப் போகிற எல்லோரும் அந்த 700 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்கள். அவரே கூடவே சொன்னதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எண்ணெய் கிடைத்த கிணற்றின் செலவை மட்டும் எடுத்து லாபம் பார்ப்பது போன்றது இது, வறண்டுபோன கிணறுகளின் செலவு இதில் இல்லை என்றார்.

எங்கள் காங்கேயம் பக்கம் இதற்கு விளக்கமே வேண்டாம். ஆறு போர் போட்டு ஏழாவதில் தண்ணீர் வந்தவர், ஏழாவது போரின் பில்லை மட்டும் மாமனாரிடம் காட்டிய கதை. 2000-ல் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் 292 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தது. பணத்தைத் தொலைத்த கணக்கும் அதில் உண்டு, யாரும் நம்ப முடியாத லாபக் கணக்கும் உண்டு. பொதுவாக நல்ல லாபம் என்று எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் என்னைத் திட்டுங்கள்.

புது ரகம் ‘ஏக்கருக்கு 40 மூட்டை’ என்று போஸ்டர் ஒட்டுகிறார்கள். எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. பொய் சொல்கிறார்களா?
— விவசாயி, ஆரணி

எந்த மூட்டை என்று கேட்டீர்களா? உங்கள் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ. தஞ்சாவூர்ப் பக்கம் 60 கிலோ சொச்சம். அங்கே ஏக்கரிலும் பேச மாட்டார்கள், ‘மாவுக்கு எத்தனை?’ என்பார்கள், மூன்று மா ஒரு ஏக்கர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தின் மொத்த விளைச்சலையும் கால் பங்கு கூட்டிக் காட்டிவிட்டேன், இந்த மூட்டைக் குழப்பத்தில். அதிலிருந்து வினாத்தாளில் முதல் கேள்வியே ‘உங்கள் மூட்டை எத்தனை கிலோ?’ என்று ஆகிவிட்டது.

அளப்பதிலும் கதை உண்டு. அறுவடைப் பரிசோதனை என்றால் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடத்தை அறுத்து எடை போடுவது. எந்த 5 மீட்டர் என்பதைக் கையில் இருக்கும் எண் பட்டியல்தான் சொல்ல வேண்டும். வரப்பில் நின்று பார்த்து, கதிர் நன்றாகத் தலை சாய்ந்த இடத்தில் கயிறு கட்டினால் போஸ்டருக்கு எண் கிடைத்துவிடும்.

எங்கள் ஊரில் வருடம் தவறாமல் சம்பா மூழ்குகிறது. வெள்ளம் தாங்கும் நெல் என்று கொடுத்தார்கள். போன தடவை அதுவும் போய்விட்டது. இதெல்லாம் யாருக்காகக் கண்டுபிடிக்கிறார்கள்?
— விவசாயி, திருத்துறைப்பூண்டி

ஐயா, எப்போது மூழ்கியது? நட்டு ஒரு மாதத்திலா, கதிர் முற்றி நிற்கும்போதா? ‘சப் 1’ என்று பெயரின் வாலில் ஒட்டியிருக்கும் ரகங்கள், பயிர் வளர்கிற பருவத்தில் முழுக்க மூழ்கி, இரண்டு வாரத்துக்குள் தண்ணீர் வடிந்தால்தான் பிழைக்கும். மூழ்கியதும் வளராமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். தண்ணீர் வடிந்த பிறகு மிச்சம் வைத்த தெம்பில் துளிர்க்கும். 2021 ஜனவரியில் வந்தது மாதிரி அறுவடை நேரத்து மழையில் படுத்துப்போன கதிரை அது காப்பாற்றாது. இதைக் கொடுக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

யாருக்காக என்று கேட்டீர்கள். ஒடிசாவில் நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளம் தாங்கும் குணம் அங்கேயே விளைந்த ஒரு நாட்டு நெல்லில் இருந்து வந்தது. எஃப்.ஆர். 13ஏ என்று பெயர். அது பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனது. எந்த மரபணு என்று 2006-ல் அடையாளம் சொன்னார்கள். ஆந்திராவின் மாருதேருவில் பிறந்து கிழக்கிந்தியா முழுக்கப் பரவியிருந்த சுவர்ணா நெல்லில் அதை ஏற்றி, 2009-ல் ‘சுவர்ணா சப் 1’ என்று இந்தியாவுக்கு வந்தது. ஏன் சுவர்ணா? புது நெல் ஒன்றைக் கொடுத்து ‘சாப்பிட்டுப் பழகு’ என்று சொல்லாமல், மக்கள் ஏற்கெனவே விதைக்கிற, விற்கிற, உண்கிற நெல்லிலேயே ஒரு குணத்தை மட்டும் சேர்த்தார்கள். நம் பக்கத்து சி.ஆர். 1009 சப் 1-ம் அதே யோசனைதான். திட்டமிடல் என்று நான் மதிப்பது இதைத்தான்.

அப்புறம் அது உதவியதா என்று பார்த்த விதம் இன்னும் அழகு. பத்ரக், பாலசோர் மாவட்டங்களில் 128 கிராமங்களை எடுத்து, குலுக்கல் போட்டுப் பாதிக் கிராமங்களில் சிலருக்கு மட்டும் 2011-ல் 5 கிலோ விதைப் பொட்டலம் கொடுத்தார்கள். அடுத்த பாதியில் கொடுக்கவில்லை. குலுக்கல் என்பதால் ‘நல்ல விவசாயிக்குக் கொடுத்தாய், அதனால் விளைந்தது’ என்று யாரும் சொல்ல முடியாது. பத்து நாள் மூழ்கிய வயல்களில் பழைய சுவர்ணாவைவிட ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் விளைச்சல்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது அடுத்த வருடக் கணக்கு. அந்த வருடம் சொல்லும்படி வெள்ளமே இல்லை. அப்படியும் விதை வாங்கியவர்களுக்குப் பத்து சதவீதம் அளவுக்குக் கூடுதல் விளைந்திருந்தது. நெல் ஒன்றும் மாயம் செய்யவில்லை. ‘மூழ்கினாலும் முழுசாகப் போகாது’ என்ற தைரியத்தில் அவர்கள் உரம் கூடப் போட்டார்கள், விதைத் தெளிப்பை விட்டு நடவுக்கு மாறினார்கள், கடன் வாங்கவும் துணிந்தார்கள். இதை எந்த ஆராய்ச்சி நிலையத் திடலிலும் அளக்க முடியாது. அங்கே உரத்துக்குக் காசு கொடுப்பது அரசாங்கம், பயப்பட யாரும் இல்லை.

இன்னொன்று. அங்கே அதிகம் மூழ்கும் பள்ளக்கால் நிலம் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள் கையில் இருந்தது. அதனால் இந்த விதையின் பலன் அவர்களுக்குத்தான் அதிகம் போனது. ஒரு மரபணுவுக்குச் சாதி தெரியாது, நிலம் பிரிந்து கிடக்கும் விதத்துக்குத் தெரியும்.

என் அப்பா போட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலையையே ரொம்ப காலம் நானும் போட்டேன். புது ரகங்கள் இத்தனை வந்தும் ஏன் பரவுவதில்லை? விவசாயி பிடிவாதக்காரனா?
— வாசகர், திண்டிவனம்

உங்கள் ஊரிலேயே 1940-ல் வந்த ரகம்! ஆந்திராவின் அனந்தபூரில் அது எண்பது வயதை நெருங்கியும் வயலில் நின்றது.

பிடிவாதம் எல்லாம் இல்லை, கணக்கு இது. நெல்லுக்கு ஏக்கருக்கு 20, 25 கிலோ விதை போதும். ஒரு ஏக்கரில் விளைந்ததை அப்படியே விதைக்கு வைத்தால் எண்பது, நூறு ஏக்கருக்கு வரும். கடலைக்கு ஏக்கருக்கு 50, 60 கிலோ பருப்பு வேண்டும். ஒரு ஏக்கர் விளைச்சல் எட்டு, பத்து ஏக்கருக்குத்தான் வரும். ஆராய்ச்சி நிலையம் ஒரு மூட்டை புது விதையோடு கிளம்பினால் அது ஒரு மாவட்டத்தை நிரப்ப எத்தனை பட்டம் ஆகும் என்று பேப்பரில் போட்டுப் பாருங்கள். தனியார் கம்பெனியும் இதில் கை வைக்காது. கனம் அதிகம், பூச்சி அரிக்கும், விவசாயி ஒருமுறை வாங்கினால் அடுத்த வருடம் தானே எடுத்து வைத்துக்கொள்வான். ரகத்தைக் கண்டுபிடிக்கப் பதினைந்து வருடம் திட்டம் போட்டவர்கள், விதையைப் பெருக்குவதற்கு ஒரு பக்கம்கூட எழுதாத திட்ட அறிக்கைகளை நான் கை வலிக்கப் புரட்டியிருக்கிறேன்.

அளவுகோலும் சரியாக இருக்க வேண்டும். ஹைதராபாத் பக்கம் பட்டாஞ்சேருவில் இருக்கும் இக்ரிசாட் (வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆய்வு நிறுவனம்) நிறுவனத்தார் ஐ.சி.ஜி.வி. 91114 என்ற ரகத்தை அனந்தபூருக்குக் கொண்டுபோனபோது விவசாயிகளையே ரகம் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். விஞ்ஞானி காயை எண்ணுவார். விவசாயி செடியைப் பிடுங்கி, எத்தனை காய் மண்ணிலேயே அறுந்து நிற்கிறது என்று பார்ப்பார். அவர் மனைவி கொடியைப் பார்ப்பார், மாட்டுக்குப் போட. அந்தக் கொடியைத் தின்ற மாடுகள் கூடுதலாகக் கறந்தன என்பதும் பின்னால் அளக்கப்பட்டது. காயை மட்டும் எடை போட்டிருந்தால் அந்தப் பால் எந்தக் கணக்கிலும் ஏறியிருக்காது.

அம்மா, வேளாண் அறிவியல் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். திட்ட அறிக்கையில் ‘தாக்கம்’ என்ற பகுதியை எப்படி நிரப்புவது? பழைய அறிக்கைகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ‘பெரும்பாலான விவசாயிகள் கடைப்பிடிக்கிறார்கள்’ என்று இருக்கிறது.
— பெயர் வேண்டாம் என்ற வாசகர்

தம்பி, அந்த வரியை நானும் எழுதியிருக்கிறேன். திருந்திய நெல் சாகுபடி சூடாக இருந்த காலம். 14 நாள் நாற்று, குத்துக்கு ஒரு நாற்று, சதுர நடவு, களைக்குக் கோனோ வீடர் என்ற, கையால் தள்ளும் உருளைக் கருவி. ஒரு அலுவலகம் (எது என்று கேட்காதே) பயிற்சி நடத்தி, கருவியும் மானியத்தில் கொடுத்து, கடைப்பிடிப்பு எவ்வளவு என்று கணக்கெடுக்க எங்களை அனுப்பியது. பட்டியலைப் பார்த்தால் பயிற்சிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் பெயர்தான். வீடு வீடாகப் போய் ‘பயன்படுத்துகிறீர்களா?’ என்று கேட்டோம். எல்லோரும் ‘ஆமாம்’. இல்லை என்றால் கருவியைத் திரும்ப வாங்கிவிடுவார்களோ என்ற பயம். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டோம்.

கடைசி வீட்டில் தண்ணீர் குடிக்கக் கொல்லைப்புறம் போனேன். கோனோ வீடர் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். உருளைப் பற்களில் அடித்த பெயிண்ட் கடையில் இருந்து வந்த மாதிரியே இருந்தது. ஒரு நாள் சேற்றில் உருண்டிருந்தாலும் முனையில் தேய்ந்திருக்கும். அந்த வீட்டுப் பாட்டி நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ‘நல்ல கனம்மா, நாய் வந்தாலும் தள்ள முடியாது’ என்றார். அதற்குப் பிறகு நான் ‘பயன்படுத்துகிறீர்களா’ என்று யாரிடமும் கேட்டதில்லை. ‘கருவியைக் கொஞ்சம் காட்டுங்களேன்’ என்பேன்.

அதே ஊரில் வேறொன்றும் தெரிந்தது. முழு முறையை யாரும் செய்யவில்லை. ஆனால் நிறையப் பேர் விதையளவைப் பாதியாகக் குறைத்து, நாற்றைக் கொஞ்சம் இளசாக நட்டிருந்தார்கள். எங்கள் படிவத்தில் ‘கடைப்பிடிக்கிறார் / இல்லை’ என்ற இரண்டு கட்டம்தான். இந்தப் பாதிக்கு இடமே இல்லை. களைக்கு ஆள் குறைந்ததை ‘கூலி மிச்சம்’ என்று நன்மைப் பக்கம் எழுதினோம். களை எடுக்கிற வேலையோ அந்த ஊர்ப் பெண்களின் வருமானம், கருவி தள்ளியது ஆண்கள். அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ‘தாக்கம்’ பகுதியைக் கடைசியில் நிரப்பாதே, முதலில் எழுது. இந்த ஆராய்ச்சி ஜெயித்தால் எந்த ஊரில், யார், எந்த வேலையை இன்றைக்குச் செய்வதில் இருந்து மாற்றிச் செய்வார் என்று ஒரு ஆளை மனதில் வைத்து எழுது. அவர் கைக்கு அது போய்ச் சேர நடுவில் யார் யார் வேண்டும்? விதைப்பண்ணைக்காரர், உரக்கடைக்காரர், கூட்டுறவு செயலாளர், டிராக்டர்காரர். இவர்களில் ஒருவருக்கு இதனால் நஷ்டம் என்றால் உன் ஆராய்ச்சி அந்த இடத்தில் நின்றுவிடும், இப்போதே தெரிந்துகொள். அப்புறம், கொடுக்கப் போகும் ஊரோடு கொடுக்காத ஊர் சிலவற்றையும் இன்றைக்கே அளந்து வை. மூன்று வருடம் கழித்து அளந்தால் எதோடு ஒப்பிடுவாய்? இதற்குப் பணம் கேட்டால் மேலிடத்தில் முகம் சுளிப்பார்கள். கேள்.

மரவள்ளியில் மறுபடி மாவுப்பூச்சி. பழைய பப்பாளிக் குளவி இதற்கு உதவுமா? மருந்து அடிக்கலாமா?
— விவசாயி, நாமக்கல்

இது வேறு பூச்சி. 2020-ல் கேரளாவில் தெரிந்து, உங்கள் பக்கம் வந்தது. இதே பூச்சி முன்னர் ஆப்பிரிக்காவில் மரவள்ளியைக் காலி பண்ணிக்கொண்டிருந்தபோது, பராகுவேயில் தேடிப் பிடித்த அனாகிரஸ் லோபேஸி என்ற குளவியை 1981-ல் நைஜீரியாவில் முதலில் விட்டார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு. அதே குளவிதான் பெனின் நாட்டில் இருந்து இந்தியாவுக்கு வந்து, 2022-ல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. அங்கேயே கேளுங்கள். குளவி விட்ட வயலில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவி.

வாங்கப் போவதற்கு முன்னால் பத்துச் செடியைக் குறித்து, நுனிக்குருத்தில் எத்தனை பூச்சி என்று எண்ணி, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குளவியை விட்ட பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே பத்துச் செடி. மழை பெய்த நாளையும் குறித்துக்கொள்ளுங்கள், உடுமலைக்காரர் கேட்பார். நோட்டின் நகல் ஒன்றைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.